மலையில் மட்டும் கத்தாத சென்சார்

தேங்காய்க்காரர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் என் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

திருத்தணி மலைமேல் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், என் அக்கா வீட்டுக்காரர், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், தன் சவாரி வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஒரு தேங்காய்த் தள்ளுவண்டியில் மோதிவிட்டார். யாருக்கும் அடி இல்லை. தேங்காய்கள் மட்டும் சரிவில் உருண்டு ஓடின. அந்த மனிதர் ஓடியோடிப் பொறுக்கிக்கொண்டு வந்து, "சாமிக்கு ஒடைக்கற காய என் தலையில ஒடைச்சிட்டியே நைனா, நான் இன்னாத்த வேண்டிக்கறது?" என்று கேட்டாராம். சுற்றி நின்ற பக்தர்கள் எல்லாம் சிரித்தார்களாம். சாயந்திரத்துக்குள் அந்தச் சிரிப்பு மலையிறங்கி அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். சிரித்தவர்களை என்ன செய்வது?

பாவா திருத்தணியிலிருந்து திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் வண்டி ஓட்டுகிறவர். மலைக்கு வருகிற வெளியூர்க்காரர்களையும் ஏற்றிக்கொண்டு மேலே போய் இறங்குவார். நல்ல ஓட்டுநர்தான். ஆனால் சமீப காலமாகப் பின்னால் எடுத்தால் எதிலாவது மோதுகிறார். முதலில் மலையடிவாரத்து லாட்ஜ் சுவர். அப்புறம் மலைப்பாதையில் ஒரு பெயர்ப்பலகை. மூன்றாவதாக இந்தத் தேங்காய். மூன்றுக்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "சென்சார் கத்தல."

அவர் வண்டியின் பின் பம்பரில் நாணயம் அளவுக்குக் கறுப்பாய் நான்கு பொட்டுகள் இருக்கும். அவைதான் சென்சார்கள். ரிவர்ஸ் கியர் போட்டதும் விழித்துக்கொண்டு, பின்னால் சுவரோ மாடோ மனிதரோ இருந்தால் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பஸரைக் கத்தவைக்கும். நெருங்க நெருங்கக் கத்தல் வேகமாகும். ஒட்டிவிட்டால் மூச்சே விடாமல் கத்தும்.

அக்கா இந்தக் காரணத்தை ஏற்கவில்லை. மறுநாள் காலை என் கடைக்கு வண்டியோடு வந்தவள் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். எங்க வாசல்ல அது கத்தற கத்துக்கு எதிர்வூட்டு நாயே எழுந்து ஓடுது. இவரு பாட்டுக்குப் பின்னால வந்துகினே இருக்காரு. காதுல வாங்கனாதானே? நான் சொல்றதையே என்னிக்கி வாங்கனாரு?"

அவள் குரல் எப்போதும் மேலேதான் நிற்கும். கோபம் வந்தால் இன்னும் ஒரு கட்டை ஏறும். பாவா அந்தக் குரலுக்குப் பழகிய முகத்தோடு மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டியக் குடுத்துடலாம்னு இருக்கேன்டா. கனகம்மாசத்திரத்துல ஒருத்தரு கேட்டுகினு இருக்காரு. வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கறேன்னாரு. நேத்து தேங்கா. நாளைக்கி யாரு தலையோ? அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"நீ சும்மா இருக்கா" என்றேன். "வண்டியப் பாக்காமயே தீர்ப்பு சொல்றியே."

"பாரு, நல்லா பாரு. சாவி உங்கிட்டதான் இருக்கணும். அவருகிட்ட குடுத்த, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அவள் உள்ளே போய் உட்கார்ந்ததும் பாவா என் பக்கத்தில் வந்தார். "மச்சான், வண்டி போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து போற வர்ற திருப்பதி பஸ்ஸெல்லாம் பாத்துகினு இருக்கட்டுமா? நான் பொய் சொல்லல. அது கத்தல." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அக்காமேல் கோபம் கோபமாக வந்தது.

அரக்கோணம் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அதைவிடச் சுருக்காக வேறொன்று வரும். ஒரு விளக்கு எரியவில்லை என்றால், சரி செய்தால் போதும் என்று எனக்கு இருக்காது. ஏன் எரியவில்லை என்று தெரிய வேண்டும். தெரியாதவரை சோறு இறங்காது. என் வீட்டுக்காரிக்கு இது நன்றாகத் தெரியும். சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தால், "எந்த வண்டி?" என்று மட்டும் கேட்பாள்.

முதலில் பம்பரைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு சென்சார்களுக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தது. எங்கள் ஊரில் வண்டி என்றால் அதற்குப் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். விளக்குக்கு, சக்கரத்துக்கு, ஸ்டீயரிங்குக்கு, வட்டமாக எது இருந்தாலும் அதற்கு. அக்கா சென்சாரையும் விடவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம். அது காய்ந்து மண்சுவர் மாதிரி ஏறியிருந்தது.

"பிடிச்சிட்டேன் பாவா. கண்ணுக்குச் சந்தனம் அப்பி மூடி வச்சா எப்படிப் பார்க்கும்?"

ஈரத் துணியை வைத்து ஊறவைத்து, நகம் படாமல் துடைத்தேன். சாவியைத் திருப்பி, என்ஜினைப் போடாமல் ரிவர்ஸ் கியர் மட்டும் போட்டுவிட்டுப் பின்னால் வந்து ஒவ்வொன்றின்மேலும் விரல் வைத்துப் பார்த்தேன். நல்ல சென்சாருக்கு நாடி உண்டு. விரல் நுனியில் டிக் டிக் என்று மெல்லத் தட்டும். நான்குமே தட்டின. பாவாவைப் பலகையோடு பின்னால் நிறுத்திவிட்டு நான் உள்ளே உட்கார்ந்து கேட்டேன். பலகை எந்தப் பக்கம் வந்தாலும் பஸர் கத்தியது. நான் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைக் காட்டினேன். பாவா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆங், கத்துது" என்று தலையாட்டினார்.

"ஆச்சு" என்றேன்.

"ஆவல" என்றார் பாவா. "இங்க கத்தும் மச்சான். தரையில எப்பவும் கத்தும்னுதானே உங்க அக்கா சொல்றா? மலையிலதான் கத்தாது."

"மலைக்கும் சென்சாருக்கும் இன்னா பாவா சம்பந்தம்? முருகன் வாய மூட்றான்னு சொல்றியா?"

"எனக்குத் தெரியாது. ஆனா அப்பிடித்தான்."

எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. முட்டாள்தனமான பேச்சு. ஆனாலும் யோசித்தால், லாட்ஜ் சுவர் மலையடிவாரத்து ஏற்றத்தில் இருந்தது. பெயர்ப்பலகை மலைப்பாதையில். தேங்காய் மலையுச்சியில். மூன்றும் மேடு. தற்செயல் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

அக்காவைக் கடையில் விட்டுவிட்டு நானே ஓட்டிக்கொண்டு மலை ஏறினேன். பாவா பக்கத்தில். மேலே, மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கும்படி வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டுப் பின்னால் போனேன். திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழக் கொத்து கைக்குத் தடங்கலாகத் தொங்கியது. புறங்கையால் ஒதுக்கிவிட்டு வரிசையாக விரல் வைத்தேன். வலது ஓரம் தட்டியது. அதற்கு அடுத்ததும் தட்டியது. இடது ஓரமும் தட்டியது. நடுவில் இடப்பக்கத்து ஒன்று மட்டும் செத்துக் கிடந்தது.

"அட தேவுடா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்த ஒரு குடும்பமே நின்று என்னைப் பார்த்தது. பம்பரில் விரலை வைத்துக்கொண்டு குந்தியிருந்த என்னை என்னவென்று நினைத்தார்களோ. அந்தத் தேங்காய்க்காரர் தன் தள்ளுவண்டியை எட்டத்தில் இழுத்துக்கொண்டு, "இன்னிக்கும் நீதானா? எதுக்கும் நான் அந்தாண்ட போறேன்" என்றார். பாவா அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

தள்ளுவண்டி அன்று எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டேன். பாவா கையால் காட்டினார். செத்த சென்சாருக்கு நேர் எதிரே. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு இன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

கடைக்கு வந்து விரல் வைத்தால், அது மறுபடியும் தட்டுகிறது. டிக் டிக் டிக். ஒன்றுமே நடக்காத மாதிரி.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன விதமான நோய் இது? சூடா? வண்டி மேலே ஏறினால் சூடாகும், கீழே இறங்கினாலும் சூடாகத்தான் இருக்கும். அதிர்வா? எங்கள் ஊர் ரோட்டைவிட மலைப்பாதை எவ்வளவோ மேல். காற்றா? இவ்வளவு சின்ன மலையில் காற்று என்ன மாறிவிடும்? ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் மிச்சம் ஒன்றுதான்: சாய்வு.

பக்கத்துக் கடை பாய் டிங்கரிங் வேலை செய்கிறவர். பெரிய ஜாக்கி அவரிடம்தான் இருக்கிறது. "பாய், இந்த வண்டிக்கு மூஞ்சத் தூக்கணும்" என்றேன்.

"மூஞ்சிக்கு இன்னா ஆச்சு? அடி பின்னாடி இல்ல?"

"திருத்தணி மலைய இங்க கொண்டாரணும் பாய்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு முன்பக்கத்தைத் தூக்கத் தூக்க, நான் பின்னால் குந்தி அந்தச் சென்சாரில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். தட்டியது, தட்டியது, தட்டியது. நின்றது.

"எறக்கு பாய்!"

தட்டியது.

"ஏத்து!"

நின்றது.

பாய்க்கும் ஆர்வம் வந்துவிட்டது. தானும் குந்தி விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் பாவா. மூன்று பேரும் மாறி மாறி அந்தப் பொட்டின்மேல் விரல் வைத்து, நாடி பார்க்கிற வைத்தியர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தோம். டிக்கியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அந்தச் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கி, நல்ல சென்சாரின் துளையில் குத்திப் பார்த்தேன். அங்கேயும் சாய்த்தால் சாகிறது. அப்போது பெட்டியில் குற்றமில்லை. சென்சாரிலோ, அதற்குப் போகும் ஒயரிலோதான்.

"பம்பரக் கழட்டிடலாமா?" என்றார் பாய்.

"கழட்டு."

கழற்றுவதற்காக அடியில் கையை விட்டவர், "இத்த மொதல்ல எடுக்கணும்" என்று திருஷ்டிக் கொத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். உள்ளே பஸர் இரண்டு முறை விட்டு விட்டுக் கத்தி அடங்கியது.

பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் கொத்தை அன்று முழுக்க நான் எத்தனை தடவை கையால் ஒதுக்கினேன் என்று தெரியாது. ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அது இல்லாத வண்டி உண்டா? சக்கரம் மாதிரி, கண்ணாடி மாதிரி அதுவும் வண்டியில் ஓர் உறுப்பு. இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய், கரித்துண்டு, அதற்குக் கீழே கறுப்புக் கயிற்றில் கட்டிய ஒரு படிகாரக் கல். கல் என்றால் சின்னக் கல் இல்லை. கொத்து முழுவதும் எதில் கட்டியிருக்கிறது என்று பார்த்தால், சென்சார் ஒயரில்! எவனோ அவசரத்தில் சென்சார் மாட்டியவன் ஒயரை மேலே ஏற்றிக் கட்டாமல் பம்பருக்கு அடியில் ஒரு வளையமாகத் தொங்க விட்டிருந்தான். திருஷ்டி கட்டுகிறவருக்கென்றே விட்டு வைத்த மாதிரி அவ்வளவு வசதியான வளையம்.

"அக்கா!" என்று போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இது திருஷ்டிக்குக் கட்டனதா, வண்டிக்குத் தூக்கு மாட்டனதா?"

அக்கா வந்து குனிந்து பார்த்தாள். "இன்னாடா தப்பு? கட்ட எடம் தேடனேன். ஒயரு தொங்கிச்சு, கட்டனேன். இது சென்சாரு ஒயருன்னு அதுல எழுதியா ஒட்டி வச்சிருக்கான்?"

"எப்பத்துலேர்ந்து கட்டற?"

"வண்டி வந்ததுலேர்ந்துதான். அமாவாசைக்கி அமாவாச பழச புடுங்கிட்டுப் புதுசு கட்டுவேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "லாட்ஜு செவுத்துல இடிச்சப்பறம் ஒரு பழம் சேத்தேன். போர்டுல இடிச்சப்பறம் படிகாரம். யாரு கண்ணு பட்டுச்சோன்னு இருந்துச்சு" என்றாள்.

பாய்தான் முதலில் சிரித்தார். எனக்கு அந்தச் சுற்று முழுவதும் கண்முன் வந்தது. பழத்தின் கனம் ஒயரை இழுக்கிறது. ஒயர் உள்ளே அறுகிறது. சென்சார் குருடாகிறது. பாவா மோதுகிறார். அக்கா பயந்துபோய் இன்னொரு பழம் கட்டுகிறாள். ஒயர் இன்னும் அறுகிறது. திருஷ்டி கழியக் கழிய வண்டி இடிபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒயரை வெட்டிப் பார்த்தேன். மேல் உறை கயிறு பட்டுத் தேய்ந்து திறந்திருந்தது. எலுமிச்சைச் சாறு உள்ளே இறங்கிச் செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடிந்திருந்தது. அறுந்த முனைகள் தரையில் நிற்கும்போது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மேட்டில் வண்டி சாய்ந்தால் கொத்து வேறு பக்கம் தொங்கி ஒயரை இழுக்கும். முனைகள் விலகும். தரையில் கத்தும், மலையில் கத்தாது. பாவா சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் பாய்.

பாவாவைப் பார்க்க வேண்டுமே! "நான் சொல்லல? நான் சொல்லல மச்சான்?" என்று குதிக்காத குறை. டீக்கடைக்குக் குரல் கொடுத்து எல்லாருக்கும் டீ சொன்னார். அக்கா அந்தப் படிகாரக் கல்லைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

பச்சை பூத்த இடமெல்லாம் வெட்டியெறிந்து, பளபளக்கிற செம்பு தெரியும் வரை போய், புது ஒயர் சேர்த்து ஈயம் வைத்து, உறை போட்டு, டேப் சுற்றி, வளையத்தை மேலே ஏற்றி கிளிப் அடித்தேன். ஜாக்கியில் மூக்கைத் தூக்கினோம். தட்டியது. இன்னும் தூக்கினோம். தட்டிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

"இப்ப சொல்லுக்கா. கனகம்மாசத்திரத்துக்காரருக்கு போனப் போடு."

அக்கா போனை எடுத்தாள். எடுத்துவிட்டு, "ஒரு தபா அவரே எடுத்துக் காட்டட்டும். அப்பறம் பேசறேன்" என்றாள். நான் சாவியைப் பாவா கையில் கொடுத்தேன்.

கடைக்குப் பின்னால் பாய் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள்தான் குறி. மோதினாலும் நோகாது. பாவா மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்து, ஜன்னல்களை இறக்கிவிட்டு, ரிவர்ஸ் போட்டார். வண்டி பின்னால் வந்தது. பஸர் ஆரம்பித்தது. கீச், கீச், கீச். நான் பாயைப் பார்த்துச் சிரித்தேன். வண்டி வந்தது. கீச்கீச்கீச். பாவாவின் முழங்கை ஜன்னலில் நிம்மதியாக இருந்தது. வண்டி வந்துகொண்டே இருந்தது. பஸர் மூச்சு விடாமல் ஒரே கத்தலாகக் கத்தியது. பம்பர் டயரில் போய் மெத்தென்று சாய்ந்து நின்றது.

பாவா தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா மச்சான், இன்னும் கத்தலியே? வேற எங்கனா ஒயரு போச்சா?"

பஸர் கத்திக்கொண்டே இருந்தது.

பாய் கையிலிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாவா என் முகத்தைப் பார்த்தார். பாய் முகத்தைப் பார்த்தார். கடைசியாக அக்கா முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து இந்த மனிதர் எதையும் கேட்டுச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெயித்தது அக்காதான். காலையில் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. "ஆமாங்க, இன்னும் கத்தல. தம்பி, சரியா பாருடா" என்றாள். பொய்தான். ஆனால் அவள் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பாவா மெதுவாகக் கையை நீட்டி டாஷ்போர்டில் இருந்த பஸரின்மேல் ஒரு விரலை வைத்தார். நாங்கள் சென்சாரில் வைத்தோமே, அதே மாதிரி.

"துடிக்கிது" என்றார். "கத்திகினுதான் இருக்குது, இல்ல?"

நான் போய் சாவியைத் திருப்பி அணைத்தேன். அவர் இறங்கி டயர்மேல் உட்கார்ந்தார்.

"பஸ்ஸு ஹாரனு கேக்குது, மேளம் கேக்குது, நீ பேசறது கேக்குது மச்சான். அப்பறம் எனக்குக் காது போச்சின்னு நான் எப்பிடி நெனைப்பேன்?"

அக்கா அவர் எதிரே போய் நின்றாள். "அப்ப நான் பேசறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ பேசறன்னு தெரியும். இன்னா பேசறன்னுதான் பாதி நேரம் புரியாது. திட்டறன்னு நெனச்சிகினு கம்னு இருந்துடுவேன்."

"எல்லாமா திட்டு?" என்றாள் அக்கா. "சாப்பிட வாங்கன்னு கூப்பட்டதுமா திட்டு?"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். பாய் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே கடைப்பக்கம் போய்விட்டார்.

திரும்பியபோது அவள் கேட்டது ஒன்றுதான். "டேய், அவருக்குக் கேக்கற மாதிரி ஒண்ணு இல்லியா உங்கிட்ட?"

ஏன் இல்லை? என் கடையில் ஒரு பெட்டி நிறைய பஸர்கள். கீச்சுக் குரல், விசில் குரல், பாட்டுப் பாடுவது, லாரிக்கு மாட்டுவது. அவருக்கு எல்லாச் சத்தமும் போகவில்லை. மெல்லிசான, உச்சிச் சத்தம் மட்டும்தான் போயிருக்க வேண்டும். கனமான சத்தம் கேட்கிறது. அக்கா குரல் எதில் சேர்த்தி என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படியென்றால் எந்தக் கட்டையில் கேட்பது நிற்கிறது? மனம் கனத்துக் கிடந்தபோதும் அந்தக் கேள்வி என்னைப் பிராண்டத்தான் செய்தது. பழைய பேட்டரி ஒன்றை மேஜைமேல் வைத்தேன்.

பாவாவே எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "உங்க மூஞ்சிங்களப் பாத்தா கண்டுபுடிச்சிடுவேன்" என்றார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் பஸரைத் தொட்டேன். எனக்குக் காது கூசியது. அவர் கை தொடைமேல் கிடந்தது. இரண்டாவது. அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். கை அசையவில்லை. அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதுக்குக் கை லேசாக எழுந்து, சந்தேகப்பட்டு, இறங்கியது. கடைசியாக, லாரியிலிருந்து கழற்றிய ஒரு பழைய கறுப்பு டப்பா. மழைக்காலத் தவளை மாதிரி தொண்டையிலிருந்து கத்தும். அதைத் தொட்டேன்.

கை விருட்டென்று மேலே போனது. "கேக்குது!" என்று அவரே துள்ளித் திரும்பினார். "இத்தப் போடு மச்சான், இத்தப் போடு!"

"கேவலமா கத்துது" என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

அதையே மாட்டினேன். டாஷ்போர்டில் வைத்தால் உள்ளே இருப்பவர்களுக்குப் பேய் பிடித்துவிடும் என்று, அவர் இருக்கைக்குக் கீழே வைத்து, சத்தத்தோடு அதிர்வும் தெரிகிற மாதிரி கம்பியோடு சேர்த்து முடுக்கினேன். டயர் பக்கம் மறுபடி எடுத்துப் பார்த்தார். சரியாக ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினார். பாய் புதிதாக வாங்கி வந்த எலுமிச்சம்பழத்தை அக்காவிடம் கொடுத்து, வண்டியை இழுக்கக் கயிறு மாட்டுகிற இரும்பு வளையத்தைக் காட்டினார். "இங்க கட்டிக்கம்மா. இதுல எவ்ளோ தொங்கனாலும் தாங்கும்." அக்கா ஒரே ஒரு பழத்தைக் கட்டினாள். படிகாரக் கல்லை என் கடையிலேயே விட்டுவிட்டாள். இன்றைக்கும் ரசீதுத் தாள்களின்மேல் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பிறகு போனில் கனகம்மாசத்திரத்துக்காரரைக் கூப்பிட்டு, "வண்டி குடுக்கறதா இல்லீங்க. ஆங், இல்லீங்க" என்றாள். வைத்துவிட்டு என்னிடம், "காது டாக்டரப் பாக்கற வரைக்கும் சவாரி எடுக்கக் கூடாது. மிசினு வைக்கச் சொன்னா வைக்கணும். அதுவரைக்கும் எங்க போனாலும் நான் பக்கத்துல ஒக்காருவேன். அவருகிட்ட சொல்லு" என்றாள்.

"நீயே சொல்லுக்கா. இதோ நிக்கறாரே."

அவள் அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து கடையே அதிரப் பேசியவளுக்கு எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை. சாவியை அவர் கையில் வைத்தாள். இருவரும் வண்டியில் ஏறினார்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவள் அவர் பக்கம் சாய்ந்து, நான் பிறந்ததிலிருந்து அவளிடம் கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வூட்டுக்குப் போய் சாப்படலாமா?"

"ஆங்" என்றார் பாவா, உடனே. "எனக்கும் பசிக்குது."